மண்டியிட்ட வேன்

கூரியர்காரர் நீட்டிய பொட்டலம் ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய தங்கை அதை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியைத் திருப்பினாள். இத்துனூண்டு டப்பாவுக்காகவா ஒரு வாரமாக இந்த வீட்டில் அண்ணனும் தானும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

வாசலில் வேன் அப்படியே மண்டியிட்டுக் கிடந்தது.

மண்டியிடுவது அந்த வண்டிக்குப் புதிதல்ல. அதற்காகவே செய்யப்பட்டது. பின்சக்கரங்களுக்கு மேலே இரும்புச் சுருளுக்குப் பதிலாக இரண்டு ரப்பர் காற்றுப் பைகள். பைகளிலிருந்து காற்றை இறக்கினால் வேனின் பின்பக்கம் தரையை ஒட்டித் தாழும். சரிவுப் பலகை இறங்கும். அவள் நாற்காலியோடு உருண்டு உள்ளே ஏறி நேராக ஸ்டியரிங்குக்குப் போய்விடலாம். பிறகு கம்ப்ரஸர் பைகளில் காற்றை ஊத, வேன் எழுந்து நிற்கும். பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் கையில்தான். கால்கள் சும்மா கூட வரும்.

போன வாரம் அவள் புது வேலைக்குக் கிளம்பிய முதல் நாளில் வேன் தாழ்ந்தது, எழுந்திருக்கவில்லை. கம்ப்ரஸர் ஒரு முறை முனகிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

மூன்று வருடங்களுக்கு முன்புவரை அவள் நீச்சல் பயிற்சியாளர். குதிக்கும் மேடையின் ஈரப்படியில் வழுக்கிக் கீழே சிமென்ட் தரையில் விழுந்தாள். அதற்குப் பிறகு எந்தக் குளத்தின் பக்கமும் அவள் போனதில்லை. இப்போது ஊரின் மறுகோடியில் ஒரு நீச்சல் சங்கம், சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தர அவளைக் கூப்பிட்டிருந்தது. முதல் நாளே அவள் வராததைச் சங்கத்தின் செயலாளர் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அடுத்த வாரமும் இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தேனில் தோய்த்துச் சொல்லியிருந்தார்.

அந்த அடுத்த வாரம் இன்றைக்குத்தான். பயிற்சி சாயந்தரம்.

கம்ப்ரஸரைத் திறந்து பார்ப்பதெல்லாம் எங்கள் வழக்கமில்லை, முழுசாகத்தான் மாற்றுவோம், புதுசு வர ஒரு மாதம் ஆகும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அன்றே அவள் பழுதுபார்க்கும் கிட்டுக்கு ஆர்டர் கொடுத்தாள். பின்கதவுக்குப் பக்கத்தில் மூடிக்கு உள்ளே உட்கார்ந்திருந்த கம்ப்ரஸரைச் சரிவுப் பலகையில் உட்கார்ந்தபடி தானே கழற்றி எடுத்தாள்.

அண்ணனுக்கு இதில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

அண்ணன் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டர். கேஸை மூடினோமா என்று மூன்று முறை பார்ப்பவர். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பவர். அப்படிப்பட்டவருக்குத் தங்கை மறுபடியும் ஈரத்தரை பக்கம் போகிறாள் என்பதே நெஞ்சில் கல். அதிலும் சாப்பாட்டு மேஜையில் வைத்து ரிப்பேர் செய்த வண்டியில், தனியாக.

சரிவுப் பலகை உள்ள டாக்ஸிக்கும் அவள் முயன்று பார்த்தாள். இந்த வாரம் முழுக்க அவர்களிடம் வண்டி இல்லை. தன் காரிலேயே தூக்கி உட்கார வைத்துக் கூட்டிப் போய் இறக்குகிறேன் என்றார் அண்ணன், பெரிய மனது பண்ணி. அதற்கு அவள் சொன்ன பதில்தான் ஒரு வாரமாக இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

"பிள்ளைங்க முன்னாடி என்னை மூட்டை மாதிரித் தூக்கி இறக்கினா, அப்புறம் நான் 'கையை நீட்டு'ன்னு சொன்னா யாரு நீட்டுவாங்க?"

இன்று காலையும் காப்பி குடிக்கும்போது அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்த்துப் பேசினால் சமாளிக்கலாம். அவர் பேசாமல் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால்தான் என்ன செய்யப் போகிறாரோ என்று தோன்றும்.

அண்ணி இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். பல் செட் செய்யும் லேபில் வேலை அவளுக்கு. ஊரில் பாதிப் பேர் அவள் கையால் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள் என்பது அவளுடைய பெருமை. மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, லேபிலிருந்து கொண்டு வந்த இடுக்கிகளை வரிசையாக வைத்துவிட்டுக் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தாள். பார்க்கப் பிரசவம் பார்க்க வந்தவள் மாதிரி இருந்தது.

தங்கை கம்ப்ரஸரின் தலைப்பகுதியில் இருந்த திருகுகளைக் கழற்றினாள். கடைசித் திருகு மட்டும் துருப்பிடித்து அடம் பிடித்தது. ஸ்பேனரை மாட்டி, நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, இரண்டு கைகளாலும் ஒரே அழுத்து. மூன்று வருடமாக உடம்பு முழுவதையும் சுமந்துகொண்டிருக்கும் தோள்கள் அவை. 'டக்' என்று திருகு வழிக்கு வந்தது.

உள்ளே கரி. அடுப்புக்கரியை அரைத்துக் கொட்டியதுபோல உருளையின் சுவர் முழுக்கக் கறுப்புத் தூள். பிஸ்டனைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருந்திருக்க வேண்டும். அது தேய்ந்து தேய்ந்து பேருக்கு ஒரு நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி அதை இடுக்கியால் தூக்கிப் பார்த்தாள்.

"பாவம், ரொம்ப நாளா இது உயிரைக் கொடுத்து உழைச்சிருக்கு."

உருளையின் சுவரில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல். புது வளையம் போட்டாலும் அந்தக் கீறல் வழியாகக் காற்று நழுவிவிடும். நல்லவேளையாக, உள்ளே செருகுகிற மெல்லிய உருளைக் குழாய் ஒன்றும் கிட்டில் இருந்தது. பழைய குழாயை நெம்பி எடுத்தார்கள். புதியது உள்ளே போவேனா என்றது. தங்கை அதை ஃப்ரீஸரில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளிக்கூட்டை ஓவனில் வைத்துச் சூடாக்கினாள். சூட்டில் கூடு கொஞ்சம் விரியும், குளிரில் குழாய் கொஞ்சம் சுருங்கும். அந்தக் கொஞ்சம் போதும்.

போதுமாகத்தான் இருந்தது. துணியைச் சுற்றிப் பிடித்த கூட்டுக்குள் குழாய், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோலச் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

அடுத்தது வளையம். பிஸ்டனைவிட அது சிறியது. இழுத்து மாட்டினால் அறுந்துவிடும். கிட்டில் இருந்ததோ ஒன்றே ஒன்று. தங்கை அதைத் தொடவே யோசித்தாள். அண்ணி வெந்நீர் வைத்து ஒரு டம்ளரில் ஊற்றி வளையத்தை அதில் போட்டாள். பல் செட் வேலையில் மெழுகு எப்போது இளகும் என்று தண்ணீரில் விரல் வைத்தே கண்டுபிடிப்பவள். கொஞ்ச நேரம் பொறுத்திருந்து வளையத்தை எடுத்தாள். விரல் நுனிகளால் லேசாக விரித்துப் பிஸ்டன்மேல் உருட்டிவிட்டாள். ஆறியதும் அது தானே இறுகிக்கொண்டது.

"சமையலுக்குக்கூட நான் இவ்வளவு அடுப்பு, ஓவன், ஃப்ரீஸர்னு பயன்படுத்தினதில்ல," என்றாள் அண்ணி.

"அது சாப்பிடும்போதே தெரியும் அண்ணி."

அண்ணி இடுக்கியால் அவள் கையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் விபத்து. காற்றை வெளியே விடும் வால்வை மூடப் போனபோது, அதற்குள் இருந்த சின்ன ஸ்பிரிங் துள்ளிப் பறந்தது. எங்கே விழுந்தது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. தங்கை மேஜையைத் துழாவினாள். அண்ணி தரையில் மண்டி போட்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில், அலமாரிக்கு அடியில், மிதியடிக்கு அடியில் என்று தேடி வியர்த்துப் போனாள். அந்த ஸ்பிரிங் இல்லாமல் கம்ப்ரஸர் வெறும் இரும்புக் கட்டி. கிட்டில் அதற்கு மாற்று இல்லை. வேறு ஸ்பிரிங் எதையாவது வெட்டிப் போடலாமா, பேனாவைப் பிரிக்கலாமா என்று தங்கை மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். விடுவதாக இல்லை.

அப்போது தரையிலிருந்து எழுந்த அண்ணியின் தலையை ஜன்னல் வெளிச்சம் தொட்டது. கொண்டைக்குள் ஏதோ மினுங்கியது.

"அண்ணி, அசையாதீங்க."

ஒரு கொண்டை ஊசியை எடுப்பதுபோல ஸ்பிரிங்கை எடுத்து, இந்தத் தடவை உள்ளங்கையால் மூடிக்கொண்டே பொருத்தினாள்.

மீதி இருந்தது கிட்டில் வந்த ஈரம் உறிஞ்சும் மணிகள். காற்றில் இருக்கும் ஈரம் பைகளுக்குள் போகாமல் அவைதான் தடுக்கும். நீலமாக இருக்க வேண்டிய மணிகள் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தன. பொட்டலத்தில் எங்கோ ஓட்டை. வழியிலேயே ஈரத்தைக் குடித்துவிட்டன. அவற்றையும் ஒரு தட்டில் பரப்பி ஓவனில் இளஞ்சூட்டில் வைத்தார்கள். அவை ஆற அமர நிறம் மாறுவதற்காகக் காத்திருந்த நேரம்தான் அன்றைய காலையிலேயே கடினமான நேரம். தங்கை கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று ஓவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஓரத்தில் ஒரு மணி நீலமானது. பிறகு பக்கத்தில் ஒன்று. ரொட்டி உப்புவதைப் பார்க்கும் குழந்தைகள்போல இருவரும் குனிந்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் மூடித் திருகிய பிறகு, வேனின் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துத் தொட வைத்தார்கள். கம்ப்ரஸர் உறுமியது. காற்று வரும் வாயில் தங்கை கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலைத் தள்ளிவிட்டது காற்று. இன்னும் பலமாக அழுத்தினாள். அப்போதும் தள்ளியது.

அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, சரிவுப் பலகையில் உட்கார்ந்து கம்ப்ரஸரைப் பழைய இடத்தில் மாட்டினாள். குழாயைச் செருகி, ஒயரைப் பூட்டி, மூடியைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினாள். வேன் ஒரு நொடி யோசித்தது. பிறகு பின்பக்கம், நெடுநாள் படுத்திருந்தவர் கையை ஊன்றி எழுவதுபோல, மெல்ல மெல்ல உயர்ந்தது. சக்கரத்துக்கும் உடம்புக்கும் இடையே முதலில் ஒரு விரல், பிறகு ஒரு கை நுழையும் இடைவெளி. அண்ணி வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையைத்தான் துடைத்தாள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த நேரத்தில்தான் அண்ணனின் கார் வந்து நின்றது.

அவர் இந்த நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறவரே இல்லை. இறங்கியவர், எழுந்து நின்ற வேனைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டிய முகம் ஏன் இப்படி வெளுக்கிறது என்று அண்ணிக்குத்தான் முதலில் உறைத்தது.

"என்னங்க, என்ன பண்ணினீங்க?"

அவர் தங்கையிடம் போய் நின்றார்.

"காலையில ஆபீஸ்லேர்ந்து சங்கத்துக்குப் போன் பண்ணினேன். நீ இன்னைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன். வேற ஆளை வரச் சொல்லிட்டாங்களாம்."

இது சரியாகும் என்று தான் நினைக்கவில்லை என்றார். கடைசி நேரத்தில் வண்டி காலை வாரிவிட்டு, அவள் மறுபடியும் போன் செய்து மன்னிப்புக் கேட்டுக் கூனிக் குறுகக் கூடாது என்று நினைத்ததாகச் சொன்னார். போன் செய்துவிட்டு இருப்புக் கொள்ளாமல் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார். எல்லாமே உண்மைதான். உண்மையாக இருந்ததால் மட்டும் அது லேசாகிவிடவில்லை.

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என் வாயால சொல்ல வேண்டியதை நீ சொல்லிட்டே. வரமாட்டேன்னு. நான் இங்க கையெல்லாம் கரியோட உக்காந்திருக்கேன், நீ அங்க என்னை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டே அண்ணா."

திரும்பவும் போன் செய்து சொல்கிறேன் என்று அவர் பையில் கைவிட்டார். வேண்டாம், நீ எனக்காக யாரிடமும் பேசாதே, நேரில் போய் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவி உடை மாற்ற உள்ளே போனாள்.

அவள் திரும்பி வந்தபோது அண்ணன் வேனின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து கசியுது," என்றார்.

அவள் அவரைக் கடந்து போய்ப் பலகையில் ஏறினாள்.

"நான் சொல்றதைக் கேளு. இடது பக்கம் கசியுது. எங்க வேலையில ஒரு பல்பு அடிக்கடி போனா, புது பல்பை மாட்டிட்டு வந்துட மாட்டோம். ஏன் போகுதுன்னு பாப்போம். உன் கம்ப்ரஸர் சும்மா தேயல. கசியக் கசிய ஊதி ஊதித்தான் செத்துருக்கு. இப்படியே போனா இதுவும் சாகும். அங்க போய் மண்டி போட்டா எழுந்திரிக்காது."

"காலையில சங்கத்துக்கிட்ட ஒண்ணு சொன்னே. இப்ப என்கிட்ட ஒண்ணு சொல்றே. எதை நம்பறது?"

அவர் முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஆனாலும் அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னை நம்ப வேண்டாம். சோப்பு நுரையைப் போட்டுப் பாரு."

அண்ணி ஏற்கனவே உள்ளே ஓடியிருந்தாள். பாத்திரம் கழுவும் சோப்பைக் கிண்ணத்தில் அடித்து நுரையாக்கிக்கொண்டு வந்தாள். தங்கை பலகையிலிருந்து இறங்கி, சக்கரத்தின் பக்கம் நாற்காலியை ஒட்டி நிறுத்தி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு குனிந்தாள். இடதுபக்கப் பைக்குள் காற்றுக் குழாய் நுழையும் வளைவில் அண்ணன் தூரிகையால் நுரையைத் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவள் நிமிரப் போனாள்.

ஒரு குமிழி எழுந்தது. பெரிதாகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

அண்ணிக்கு ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. இவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் வேனே இவர் நினைத்ததைச் செய்து முடித்திருக்கும். பாதி வழியிலோ குளத்து வாசலிலோ உட்கார்ந்துவிட்டிருக்கும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் வேலை என்ற பேச்சை எடுத்திருக்க மாட்டார்கள். அவள் கணவரின் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டு எடுத்தாள்.

தங்கையும் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "குழாயை வெட்டிட்டு மறுபடியும் செருகினா நீளம் எட்டுமா?"

"எட்டும். வளைவுல கொஞ்சம் தாராளமாத்தான் விட்டிருக்காங்க."

காற்றை இறக்குவதற்கு முன்னால் வேனுக்கு அடியில் இரும்புத் தாங்கிகள் வைத்தாக வேண்டும் என்றார். அது இல்லாமல் யாரும் தலையை உள்ளே விடக் கூடாது. அவள் மணியைப் பார்த்தாள்; தர்க்கம் செய்யவில்லை. தாங்கிகளை வைத்து, அசைத்துப் பார்த்து, மறுபடியும் அசைத்துப் பார்த்து, ஆபீஸ் சட்டையோடு அவர் அடியில் படுத்தார். அவள் வெளியிலிருந்து டார்ச் அடித்து, எங்கே வெட்ட வேண்டும் என்று சொன்னாள். கோணலாக வெட்டினால் மறுபடியும் கசியும், நேராக வெட்டு என்றாள். அவர் நேராகத்தான் வெட்டினார். வெட்டி எடுத்த துண்டை அவளிடம் நீட்டினார். இரும்புப் பட்டையில் உரசி உரசி அதில் மயிரிழை அளவு விரிசல்.

புது முனையைச் செருகி, காற்றை ஏற்றி, நுரையைப் போட்டார்கள். குமிழி இல்லை. அண்ணன் இன்னொரு தடவை போடச் சொன்னார். இல்லை. மூன்றாவது தடவைக்கு அவர் கிண்ணத்தை எடுத்தபோது, தங்கை அவர் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் கூட வரட்டுமா?" என்று கேட்டார். "காரிலேயே பின்னாடி வரேன். உள்ள வரமாட்டேன்."

"வேண்டாம் அண்ணா."

அவள் குரலில் கோபம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் கொஞ்சம் முன்னால் இருந்த இறுக்கம் இப்போது இல்லை. சட்டை முதுகு முழுக்க எண்ணெயும் மண்ணுமாக நின்ற அண்ணனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தெருமுனையில் திரும்பினாள்.

வழியெல்லாம் அவள் காது கம்ப்ரஸரிடமே இருந்தது. அது வாயே திறக்கவில்லை. அன்று அதுவரை அவள் கேட்டதிலேயே இனிமையான சத்தம் அந்தச் சத்தமில்லாமைதான். குளத்து வாசலில் பொத்தானை அழுத்தினாள். வேன் பதமாகத் தாழ்ந்தது. பலகை இறங்கியது. அவள் உருண்டு இறங்கினாள்.

கதவைத் திறந்ததும் குளோரின் வாடை மூக்கில் ஏறியது. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வாடை. கைகள் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டன. தண்ணீரில் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். கரையில் ஓர் இளைஞர் விசிலோடு நின்றார். செயலாளர் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து, வழுக்காத ரப்பர் பாய்மேல் வேகமாக நடந்து வந்தார். வயதானவர், ஒடிசலான தேகம், மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது.

தங்கையே முந்திக்கொண்டாள். காலையில் வந்த போன் தன்னுடைய சம்மதத்தோடு வந்ததல்ல என்றாள். வண்டியைச் சரிசெய்துகொண்டு நேரத்துக்கு வந்துவிட்டேன், இந்த வேலை எனக்கு வேண்டும் என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

செயலாளர் அந்த இளைஞரைத் திரும்பிப் பார்த்தார். வரச் சொல்லிவிட்டு இப்போது போகச் சொல்வது எப்படி என்ற சங்கடம் அவர் முகத்தில் தெரிந்தது. அவர் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோது தங்கையின் கண் தண்ணீருக்குப் போய்விட்டது. கடைசி வரிசையில் ஒரு சிறுமி, ஒவ்வொரு கை வீச்சுக்கும் தலையை முழுசாக வெளியே தூக்கித் தூக்கி, மூச்சுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். விசில்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தங்கை கரையோரமாக உருண்டு போய் பிரேக்கைப் போட்டாள்.

"தலையைத் தூக்காதே, கண்ணு. காதைத் தோள்மேல வச்சுப் படு. பக்கத்துல திரும்பி என்னைப் பாரு. எனக்கு உன் ஒரு கண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

கூடம் முழுக்க எதிரொலிக்கும் பழைய குரல். அது இன்னும் தன்னிடம் இருக்கிறது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. சிறுமி ஒரு தடவை தண்ணீர் குடித்துத் திணறினாள். மறுபடியும் முயன்றாள். அடுத்த சுற்றில் தண்ணீருக்கு மேல் ஒரே ஒரு கண் தெரிந்தது. அது நேராகத் தங்கையைப் பார்த்தது. மற்றப் பிள்ளைகளும் நீந்துவதை நிறுத்திவிட்டு, எனக்குச் சொல்லுங்கள் என்பதுபோலக் கரையோரமாக மிதந்து வந்தார்கள்.

விசில்காரர் நல்லவராக இருந்தார். சிரித்துக்கொண்டே பாதி வரிசைகளை அவளுக்கு விட்டுக் கொடுத்தார். பயிற்சி முடியும்வரை அவள் கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்க்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டியது. உள்ளங்கை எரிந்தது. ஒவ்வொரு எரிச்சலும் அவளுக்கு வேண்டியிருந்தது.

பிள்ளைகள் போன பிறகு செயலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாதக் கடைசி வரை இரண்டு பேருமே வாருங்கள், பிறகு முடிவு செய்கிறேன் என்றார். எழுந்திருக்கப் போனவர் தயங்கினார்.

"உங்க அண்ணன் சொன்னதைக் கேட்டு நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்மா. நீங்க தண்ணியைப் பார்த்தாலே நடுங்கறீங்க, ராத்திரியெல்லாம் அலறி எழுந்திரிக்கறீங்கன்னு சொன்னார். அதான் யோசிச்சேன்."

தங்கை இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"நடுக்கம் இருக்குங்க," என்றாள். "இப்பவும் இருக்கு. என் கையைப் பாருங்க. ஆனா அடுத்த வாரமும் வருவேன்."

செயலாளர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரி, வாருங்கள் என்றார்.

வெளியே வந்து வேனுக்குள் ஏறி, பொத்தானை அழுத்தினாள். கம்ப்ரஸர் தாழ்ந்த குரலில் உறுமியது. வேன் எழுந்து நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு முறை ஸ்டியரிங்கைத் தட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தட்டவும் செய்தாள். அப்புறம்தான் அந்த வார்த்தைகள் மெல்லத் திரும்பி வந்தன. நடுங்குவது. அலறி எழுவது.

அண்ணனுக்கு அது தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவள் தன் அறைக் கதவை இறுக மூடிக்கொண்டு படுப்பாள். அதை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்த ஒருவர் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

பக்கத்தில் கிடந்த போன் அதிர ஆரம்பித்தது. திரையில் 'அண்ணி' என்று எழுத்துகள் மின்னின. எப்படிப் போயிற்று என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள், வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

நல்ல செய்திதான் சொல்ல இருந்தது. அவள் போனைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் எதை முதலில் பேசுவது என்று தெரியாமல், வேன் எழுந்து நின்ற இடத்திலேயே, அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.